கேட்கத் தெரிந்த நடிகர்: ரி. எஸ். பாலையா

எமது கல்லூரியில் 1960களில் படித்தவர்கள் கூடும் இடமெல்லாம் சிவாஜியா எம்.ஜி.ஆரா என்ற பழைய வழக்கு இன்றைக்கும் தீர்ப்பின்றி நடக்கிறது. இம்மலருக்கு நான் எழுத விரும்புவது, அவ்விருவரோடும் நடித்து இருவருக்கும் ஈடுகொடுத்த ரி. எஸ். பாலையாவைப் பற்றி. எமது நாடக மன்றத்தைப் பழக்கிய தமிழாசிரியர், வசனமில்லாத பாத்திரம் கிடைத்து முகம் வாடி நிற்கும் மாணவர்களிடம், யாழ்ப்பாணத்துப் படமாளிகைகளான வின்சரிலோ ராணியிலோ மனோகராவிலோ பாலையா நடித்த படம் ஓடினால் போய்ப் பார்த்து வரும்படி சொல்லுவார். மற்றவர் பேசும்போது அந்த மனிதரின் முகம் என்ன செய்கிறது என்று கவனிக்க வேண்டும் என்பதே அவர் எமக்குத் தந்த வீட்டுப்பாடம்.

திருநெல்வேலிச் சீமையில் 1914 இல் பிறந்த பாலையா, நாடக மேடையில் தேறி, 1936 இல் சதிலீலாவதி படத்தின் மூலம் திரைக்கு வந்தார். எம்.ஜி.ஆருக்கும் அதுவே முதற்படம்; கதாநாயகன் ஊரைவிட்டு ஓடி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலியாக உழைக்கும் கதை என்பதால் எமக்கு அதில் தனி ஈடுபாடு இருந்தது. அடுத்த ஆண்டு அம்பிகாபதியில் தியாகராஜ பாகவதருக்கு எதிரியானார். மதுரை வீரன் (1956) வரையும் அதன் பின்னரும் வில்லன் வேடங்கள் தொடர்ந்தன. இடையில் 1954 இல், தூக்குத் தூக்கியில் வடநாட்டுச் சேட்டாக அவர் பேசிய தமிழை எமது விடுதி மாணவர்கள் அப்படியே பேசிக் காட்டுவார்கள்.

ஆயினும் ஆசிரியர் சொன்னதன் பொருள் எமக்கு விளங்கியது 1964 இல் வெளிவந்த காதலிக்க நேரமில்லை படத்தில்தான். நாகேஷ் பேய்க்கதை சொல்ல, பாலையா கேட்கிறார். கதை நாகேஷின் வாயில் இருந்தாலும் பயம் முழுவதும் பாலையாவின் கண்ணிலும் கழுத்திலும் நாற்காலியைப் பற்றிய கையிலுமே இருந்தது.

மறு ஆண்டு திருவிளையாடல் வந்தது. கோயில்களில் புராணபடனம் கேட்டு வளர்ந்த எமக்கு, திருவிளையாடற் புராணத்து விறகு விற்ற படலத்தில் வரும் பாடகன் ஏமநாதன் புதியவன் அல்லன். ஒருவர் செய்யுளைப் படிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, இறைவன் விறகு விற்பவனாக வந்து சாதாரிப் பண் பாடிய இடத்தை முதியவர்கள் கண்ணீர் மல்கக் கேட்பதைப் பார்த்திருக்கிறோம். பாலமுரளிகிருஷ்ணாவின் குரலுக்கு வாயசைத்துப் பாண்டியன் சபையில் செருக்கோடு பாடும் பாலையாவை எல்லோரும் புகழ்வார்கள், அது தகும். அதைவிட உயர்ந்தது, அன்றிரவு விறகு விற்பவனின் பாட்டைக் கேட்கும் ஏமநாதன் என்பது என் துணிபு. அவன் தீயவன் அல்லன், பெரிய வித்துவான்; தன்னிலும் பெரிய இசையை இனங்காண வல்லவனாதலால்தான் இரவோடிரவாக ஊரைவிட்டுப் போகிறான். தோல்வியையும் பரவசத்தையும் ஒரே முகத்தில் காட்டிய அந்தச் சில நிமிடங்களுக்கு ஈடாக நான் வேறெதையும் கண்டதில்லை.

1968 இல் தில்லானா மோகனாம்பாள் வந்தபோது யாழ்ப்பாணத்தார் அவரைச் சோதித்தே பார்த்தனர். இணுவிலும் அளவெட்டியும் தவிலுக்குப் பேர்போன ஊர்கள்; தமிழகத்தையே வியக்க வைத்த தவில் வித்துவான் தெட்சணாமூர்த்தியைத் திருவிழாக்களில் விடியவிடியக் கேட்டவர்கள், தவிற்காரனாக நடிக்கும் ஒருவரை எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் கண் வைத்தது பாலையாவின் கைகளில் மட்டுமல்ல. நாதஸ்வரக்காரரை விட்டுப் பார்வையை எடுக்காமல், அவர் அடுத்து எங்கே போவார் என்று முன்கூட்டியே உணர்ந்து தலையசைக்கும் அந்தக் காத்திருப்பு நல்ல தவில் வித்துவான்களிடம் உள்ளது. அது பாலையாவிடமும் இருந்தது. எங்கள் அயலில் மேளம் கேட்டே தலை நரைத்த பெரியவர் ஒருவர், படமாளிகையை விட்டு வெளியே வரும்போது, “மனுசன் கேட்டு வாசிக்கிறான்” என்றார்.

பாலையா 1972 இல் காலமானார். சங்கத்துப் பிள்ளைகள் என்னிடம் எந்தப் படத்தில் தொடங்குவது என்று கேட்பதுண்டு. திருவிளையாடலில் தொடங்குங்கள்; முதல்முறை பாட்டுக்காகப் பாருங்கள், இரண்டாம் முறை விறகு விற்பவன் பாடும்போது திண்ணைப் பக்கம் பார்க்காமல் ஏமநாதனையே பாருங்கள்.