முடிவின் வேகமும் நிலையறிதலும்: சில நாட்குறிப்புகள்

ஜூன் 3

அமெரிக்க விமானப்படைக் கர்னல் ஜான் பாய்டின் சிந்தனைகளை இன்று மீண்டும் கையில் எடுத்தேன். கவனித்தல், நிலையறிதல் (கண்டதை வைத்து நிலைமையைப் புரிந்துகொள்ளுதல்), முடிவெடுத்தல், செயல்படுதல் ஆகிய நான்கும் அடங்கிய ‘ஊடா’ (OODA, அந்நான்கின் ஆங்கில முதலெழுத்துகள்) சுழற்சி அவர் பெயராலேயே அறியப்படுகிறது. நிர்வாகப் பயிற்சி வகுப்புகளிலோ அது ‘எதிராளியைவிட வேகமாகச் சுழல வேண்டும்’ என்ற ஒற்றை வரியாகச் சுருங்கிவிடுகிறது. அந்தச் சுருக்கம் அவருக்கு இழைக்கப்படும் அநீதி என்றே கருதுகிறேன்.

கொரியப் போரில் எஃப்-86 போர் விமானத்தை ஓட்டியவர் பாய்ட். எதிரே வந்த மிக்-15 போர் விமானம் இன்னும் உயரத்தில் பறக்கவும், விரைந்து மேலெழவும் வல்லது. ஆனால் எஃப்-86 விமானி குமிழ் வடிவக் கண்ணாடி விதானத்துக்குள் அமர்ந்திருந்ததால் தனக்குப் பின்னால் வருவதையும் பார்க்க முடிந்தது. ஹைட்ராலிக் விசையால் இயங்கிய கட்டுப்பாடுகள், ஒரு திருப்பத்திலிருந்து எதிர்த் திருப்பத்துக்கு அதிகச் சிரமமின்றி மாற இடம் கொடுத்தன. முதலில் பார்த்தவர், முதலில் திசை மாறியவர் என்ற சாதகம் அங்கிருந்தே பிறந்தது. அமெரிக்கத் தரப்பு அன்று கூறிய 10க்கு 1 என்ற வெற்றி விகிதத்தைப் பிற்கால ஆய்வுகள் வெகுவாகக் குறைத்துவிட்டன என்பதையும், விமானிகளின் பயிற்சிக்கும் அனுபவத்துக்கும் அதில் பெரும் பங்கு இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

ஜூன் 5

பாய்ட் 1995இல் முழுமையாக்கிய ஊடா வரைபடத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அது வட்டமே அல்ல. நடுவில் நிலையறிதல் பெரிய பெட்டியாக நிற்கிறது. அதனுள் பண்பாட்டு மரபு, பிறவிக் கூறுகள், முன் அனுபவம், புதிய தகவல், பகுத்தும் தொகுத்தும் பார்க்கும் ஆற்றல் ஆகிய ஐந்தும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அங்கிருந்து ஓர் அம்பு, முடிவெடுத்தல் என்ற பெட்டியைத் தொடாமலேயே நேராகச் செயலுக்குச் செல்கிறது. இன்னொன்று பின்னோக்கிச் சென்று, எதைக் கவனிக்க வேண்டும் என்பதையே வழிநடத்துகிறது.

இந்த இரண்டு அம்புகளில்தான் முழு விஷயமும் இருக்கிறது. தேர்ந்தவர் நான்கு படிகளையும் அவசர அவசரமாக ஏறுவதில்லை. நிலைமையைச் சரியாகப் புரிந்துகொண்டிருப்பதால் ஒரு படி அவருக்குத் தேவைப்படுவதே இல்லை. புரிதல் பழையதாகிவிட்டால், அதே அம்பு தவறான செயலையும் அதே விரைவில் செய்ய வைத்துவிடும். நம் புரிதலை நாமே உடைத்து மறுபடி கட்ட வேண்டும் என்பதை பாய்ட் 1976இலேயே ஒரு கட்டுரையில் வாதிட்டிருக்கிறார். அவரைப் பற்றிப் பேசுபவர்கள் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான்.

ஜூன் 9

1940 மே மாதம், ஜெர்மனி பிரான்சைத் தாக்கிய நேரம். ஜெர்மானியத் தளபதி குடேரியனின் படை 13ஆம் தேதி செடான் அருகே மியூஸ் ஆற்றைக் கடந்தது. 20ஆம் தேதி ஜெர்மானிய டாங்கிகள் ஆங்கிலக் கால்வாய்க் கரையை எட்டிவிட்டன. குடேரியன் வானொலிக் கருவிகள் பொருத்திய கவச வண்டியில் முன்னணியிலேயே சென்றார். பிரெஞ்சுத் தலைமைத் தளபதி கேமலின் இருந்த வான்சென் கோட்டையிலோ வானொலி நிலையமே இல்லை. ஆணைகள் தொலைபேசியிலும் தூதுவர் வழியாகவும் சென்றன. அவை போய்ச் சேர்வதற்குள் குறிப்பிட்ட இடம் கைமாறியிருக்கும்.

வானொலி மட்டும் இருந்திருந்தால் போதுமா? போதாது என்பது என் முடிவு. அடைய வேண்டிய இலக்கை மட்டும் சொல்லிவிட்டு, வழியைக் களத்தில் இருப்பவரிடம் விட்டுவிடும் பழக்கம் ஜெர்மானியப் படையில் பல தலைமுறைகளாக ஊறியிருந்தது. பிரெஞ்சுப் படையோ ஒவ்வோர் அடியையும் மேலிருந்து திட்டமிடும் முறைக்குப் பழகியிருந்தது. நம்பிக்கையை முன்கூட்டியே சேர்த்து வைக்காதவர்களால் நெருக்கடியில் அதை உண்டாக்க முடியாது.

ஜூன் 10

வணிகத்தில் எதிராளியைவிட வேகமாகச் சுழல்வதற்கு ஹோண்டா–யமஹா போட்டியைச் சொல்வார்கள். மோட்டார் சைக்கிள் உற்பத்தியில் உலகின் முதலிடத்தைப் பிடிக்க யமஹா 1981இல் முனைந்தபோது, ஹோண்டா 18 மாதங்களில் 113 மாடல்களை இறக்கியது, யமஹா பின்வாங்கியது. புதிய மாடலை உருவாக்கும் கால அளவே அங்கு ஆயுதமாயிற்று.

ஜூன் 14

வேகம் மட்டுமே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு, 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்குத் தரகு நிறுவனத்துக்கு நேர்ந்ததைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய மென்பொருள் ஏற்றப்படாமல் விடுபட்டது; அதில் தங்கியிருந்த பழைய நிரல் உயிர்பெற்று, ஆர்டர்களை அடுக்கடுக்காக அனுப்பியது. சுமார் 45 நிமிடங்களில் 44 கோடி டாலர் இழப்பு. இயந்திரம் நொடிக்குள் செயல்பட்டது. நடப்பது என்ன என்பதை மனிதர்கள் புரிந்துகொள்ளத்தான் அவ்வளவு நேரம் பிடித்தது.

நான் அறிந்த ஓர் அலுவலகத்தில் நிலைமை நேர்மாறானது. பிழை காலையிலேயே கண்ணில் பட்டுவிடும். திருத்துவதற்கான ஒப்புதல் வாராந்தரக் கூட்டத்துக்காகக் காத்துக்கிடக்கும்.

இவ்விரண்டுக்கும் நடுவே டொயோட்டா தொழிற்சாலைகளின் ‘ஆண்டான்’ எனப்படும் எச்சரிக்கைக் கயிறு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. குறையைக் கண்ட தொழிலாளி கயிற்றை இழுக்கிறார், விளக்கு எரிகிறது, குழுத் தலைவர் வருகிறார். வண்டி அந்தப் பணியிடத்தின் எல்லையைத் தாண்டுவதற்குள் தீர்ந்துவிட்டால் உற்பத்தி வரிசை தொடர்ந்து நகரும், தீராவிட்டால் நின்றுவிடும். நிறுத்தும் அதிகாரம் குறையைக் கண்ட கையிலேயே இருப்பதால், விரைவும் நிதானமும் அங்கே மோதிக்கொள்வதில்லை. எங்கள் குழுவில் யார் எதை யாரையும் கேட்காமலேயே நிறுத்தலாம் என்ற பட்டியலை எழுதத் தொடங்கியிருக்கிறேன். விலை மாற்றத்தையும் அதில் சேர்க்கலாமா என்பதை நாளை எல்லோரோடும் பேசி முடிவு செய்ய வேண்டும்.