பிடித்து வைத்த கூலி

2025 பிப்ரவரி 15, சனி

ஜனவரி 1 முதல் தினம் இரண்டு அதிகாரம். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40, நேற்றோடு முடிந்தது. இன்று பலிகளும் சட்டங்களும் நிறைந்த லேவியராகமம். வேதம் முழுவதையும் வாசித்து முடிப்போம் என்று தொடங்குகிறவர்களில் பலர் நின்றுவிடுகிற இடம் இது. நானும் இரண்டு முறை இங்கேதான் நின்றேன். இந்த முறை ஒரு அதிகாரத்தையும் தாண்டிப் போகக்கூடாது என்று ஜெபித்துவிட்டு உட்கார்ந்தேன்.

பிப்ரவரி 17, திங்கள்

5, 6 அதிகாரங்கள். ஆறாம் அதிகாரத்தின் தொடக்கத்தில் பலியைவிடக் கணக்குதான் பெரிதாக இருக்கிறது. அடுத்தவன் நம்பி ஒப்புவித்ததையோ, அவனிடம் பறித்ததையோ வைத்துக்கொண்டவன் முதலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கும் கூட்டிக் கொடுக்க வேண்டும். பலியிடும் ஆட்டுக்கடாவைப் பற்றிய பேச்சு அதற்கு அடுத்த வசனத்தில்தான். காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னேயே வைத்துவிட்டு முதலில் போய் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5-ல் ஆண்டவர் சொன்னதும் இந்த வரிசைதானே! மகிழ்ச்சியோடு கோடு போட்டு வைத்தேன். பிறகு என் தையல் யூனிட்டுக்குப் போய்விட்டேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

13, 14. நீளமான அதிகாரங்கள். உடம்பில் மட்டுமல்ல, வீட்டுச் சுவரில் குஷ்டதோஷம் படர்ந்தாலும் ஆசாரியன் வந்து பார்க்க வேண்டும் என்பது மட்டும் மனதில் நின்றது.

பிப்ரவரி 24, திங்கள்

இன்று 19-ஆம் அதிகாரம்.

‘பரிசுத்தராயிருங்கள்’ என்று தொடங்குகிறது. உபவாசமும் முழு இரவு ஜெபமும் வரும் என்று நினைப்போம். வருவதோ வயல் ஓரத்தை ஒட்ட அறுக்காதே, செவிடனைத் திட்டாதே, குருடன் முன்னே தடுக்கலை வைக்காதே, நரைத்தவன் வந்தால் எழுந்து நில். 36-ஆம் வசனத்தில் சுமுத்திரையான, அதாவது சரியான, மரக்காலும் படியும் இருக்கவேண்டும் என்கிறது. எபிரெயுவில் எப்பா, ஈன் என்று இருந்ததை நம் வேதத்தைத் தமிழாக்கியவர்கள் மரக்கால், படி என்று நம் வீட்டு அளவுகளாகவே வைத்துவிட்டார்கள். ஆச்சி நெல் அளந்த மரக்கால் கண்ணுக்குள் வந்துவிட்டது.

நடுவில் 13-ஆம் வசனம்: ‘கூலிக்காரனுடைய கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது.’

நைட்டி தைக்கும் யூனிட் வைத்திருக்கிறேன். ஒன்பது பெண்கள், பீஸ் கணக்கு, சனிக்கிழமை சம்பளம். சேர்ந்த முதல் வாரக் கூலியைப் பிடித்து வைப்பேன், சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடக்கூடாது என்பதற்காக. தொழிலுக்கு வந்த நாளில் எனக்குச் சொல்லித் தந்தது அது. தப்பென்று ஒரு நாளும் தோன்றியதில்லை. யாக்கோபு 5:4-ஐயும் எடுத்துப் பார்த்தேன். வயலை அறுத்தவர்களின் கூலி ‘உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது’ என்று இருக்கிறது. பிடிக்கப்பட்டு! என் நோட்டில் நான் எழுதி வைத்திருக்கிற அதே சொல்.

புது வருடத்தில், தேவன் நமக்குத் தருவேன் என்று சொன்ன வாக்குத்தத்த வசன அட்டை வாங்கி நிலைவாசலில் ஒட்டுகிறோம். இந்த வசனத்தை அட்டையில் அச்சடித்து நான் பார்த்ததில்லை. நாம் வேதத்தில் தேடுவது நமக்கு வர வேண்டியதை மட்டும்தானோ என்று இன்று பயமாக இருந்தது.

இரவு பழைய நோட்டைப் புரட்டினேன். போன ஆகஸ்டில் அம்மாவுக்குச் சுகமில்லை என்று ஒரு பிள்ளை நின்றுவிட்டாள். பிடித்தம் 2,100 ரூபாய். இரண்டு முறை வந்து கேட்டாள். “கணக்குப் பார்க்கணும்மா, பிறகு வா” என்று அனுப்பினேன். மூன்றாவது முறை அவள் வரவில்லை.

பிப்ரவரி 26, புதன்

2,100-க்கு ஐந்தில் ஒரு பங்கு 420. கவரில் 2,520 வைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் பீடி இலை நறுக்கிக்கொண்டிருந்தாள். எழுந்து, “வாங்கக்கா” என்றாள். கோபமே இல்லாத அந்த “வாங்கக்கா”தான் என்னால் தாங்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். எண்ணிப் பார்த்துவிட்டு, “நானூத்தி இருவது கூட இருக்கேக்கா” என்று நீட்டினாள். வேதத்தில் இருப்பதைச் சொன்னேன். அவள் கோயிலுக்கு வருகிறவள் இல்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கேட்டாள்: “அப்ப மத்த பிள்ளையளுக்கு உள்ளதுக்கா?”

பிப்ரவரி 27, வியாழன்

25-ஆம் அதிகாரத்தில், ‘உன் சகோதரன் தரித்திரப்பட்டு, கையிளைத்துப்போனவனானால்’ என்று வருகிறது. கையிளைத்து. நாள் முழுக்க மெஷினில் துணி தள்ளுகிற கைகளைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அதற்கு மேல் வாசிக்க ஓடவில்லை. ஐம்பதாம் வருடம் யூபிலி, விற்ற நிலம் உரியவனுக்குத் திரும்பும். என் கையில் நிலமில்லை, ஒன்பது பேருடைய ஒரு வாரம்தான் இருக்கிறது.

வீட்டுக்காரர், “எல்லாருக்கும் கொடுத்துட்டா நாளைக்கே ரெண்டு பேர் நிப்பாங்க” என்றார். தொழில் தெரிந்தவர் சொல்லும் நியாயம் அது. இருந்தாலும், “நின்னா நிக்கட்டும்” என்றேன்.

மார்ச் 1, சனி

ஒன்பது பேருக்கும் பிடித்தத்தைக் கொடுத்தேன். இனி யாருக்கும் பிடிப்பதில்லை, அவசரமென்றால் அன்றன்றே கூலி வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டேன். மூத்தவள் மட்டும், “யூனிட்ட மூடப்போறீயளாக்கா?” என்று கலங்கிப்போய்க் கேட்டாள்.

மார்ச் 3, திங்கள்

ஒருத்தி வரவில்லை. வேறு யூனிட்டில் சேர்ந்துவிட்டாளாம். வெள்ளிக்கிழமைக்குள் 200 பீஸ் போக வேண்டும். காலையில் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். அவள் வாங்கிக்கொண்டு போனது அவளுடைய கூலி என்று மத்தியானத்துக்குள் எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டேன்.

மார்ச் 5, சாம்பல் புதன்

லெந்து என்கிற தவக்காலம் தொடக்கம். ஆராதனை முடிந்து யூனிட்டுக்கு வந்தபோது மணி எட்டு. நின்றுவிட்டவளின் மெஷின் சும்மா கிடந்தது. எண்ணெய் விட்டு, நூல் கோத்து உட்கார்ந்தேன். மூத்தவளும் வீட்டுக்குப் போகாமல் பக்கத்து மெஷினைப் போட்டாள். பத்தரைக்கு நிறுத்தினோம், 14 பீஸ். கிளம்புமுன் அவள் பங்கை எண்ணி அவள் கையில் கொடுத்தேன்.