எது கரையான், எது நாங்கூழ்?

கரையான் மருந்தை வாளித் தண்ணீரில் விட்டதும் பால் மாதிரி வெளுத்தது. குளோர்பைரிபாஸ். தென்னங்கன்று மூட்டில் ஊற்றினேன்.

கொஞ்ச நேரத்தில் செம்மண்ணைக் கீறிக்கொண்டு ஒரு மண்புழு மேலே வந்தது. சுருண்டது, நிமிர்ந்தது, மறுபடி சுருண்டது.

கரையான் ஒன்றையும் காணோம்.

“மருந்துக்கு என்னப்பா தெரியும், எது கரையான், எது நாங்கூழ்னு?” என்றார் அப்பத்தா, திண்ணையிலிருந்தே.

இதே காரைக்குடி மண்ணில்தான் ஒரு காலத்தில் ஃபோரேட் குருணையை வெறுங்கையால் தூவினோம், விபூதி மாதிரி. 2020 முடிவோடு அதற்குத் தடை வந்துவிட்டது. மண்ணில் போட்டால் வேர் உறிஞ்சி, இலைவரை ஏறும் நஞ்சு அது.

சரி, மீதிக் கன்றுகளுக்கு வேப்பம் புண்ணாக்கு வாங்க வேண்டும்.

புழுவை எடுத்து வாழை மூட்டில் விட்டேன். அசையவில்லை.

மூன்று முறை சோப்புப் போட்டாகிவிட்டது, கையில் வாடை அப்படியே இருக்கிறது.