மூணே கால் ஜிபி

கும்பகோணத்தில் பெரியப்பாவுக்கு ஒரு சின்ன அச்சகம் உண்டு. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, பில் புக், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று எது வந்தாலும் அடித்துக் கொடுப்பார். 2013 ஆயுத பூஜைக்குப் புது கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினார். எட்டு ஜிபி ராம் (நினைவகம்), விண்டோஸ் 8, அகலமான மானிட்டர். சந்தனம் குங்குமம் வைத்ததோடு சரி, பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றவில்லை. வேலையெல்லாம் பழைய விண்டோஸ் எக்ஸ்பி மெஷினில்தான் நடந்தது. புதியது வருகிறவர்கள் பார்ப்பதற்கு.

மார்கழிக் கடைசியில் பழையதன் மதர்போர்டு கண்ணை மூடியது. கெபாசிட்டர்கள் தலை வீங்கி நின்றன. தை பிறந்தால் முகூர்த்தம், ஆர்டர்கள் வரிசையில். வேறு வழியில்லாமல் புதியதன் உறையைக் கழற்றினார்கள். நான் பொங்கலுக்கு ஊருக்குப் போய் இறங்கியது அந்த நேரத்தில்தான்.

முதல் நாள் சாயங்காலம் மெஷினை எப்படி அணைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. விண்டோஸ் 8-இல் ஸ்டார்ட் பட்டனையே எடுத்திருந்தார்கள். மவுசை வலது மூலைக்குக் கொண்டுபோனால் ஒரு பட்டை எட்டிப் பார்க்கும், அதில் செட்டிங்ஸ், அதற்குள் பவர், அதற்குள்தான் ஷட் டவுன். நான் செய்து காட்டினேன். பெரியப்பா பொறுமையாகப் பார்த்துவிட்டு, "இதுக்கு யூபிஎஸ் பட்டனே தேவலைடா" என்றார். அன்றிலிருந்து அப்படித்தான் அணைத்தார்.

இதுகூடப் பரவாயில்லை. உண்மையான சிக்கல் தமிழில் வந்தது.

பெரியப்பா எந்தப் பத்திரிகையையும் புதிதாக அடிக்க மாட்டார். அக்கா கல்யாணத்துக்கு அடித்த ஃபைலைத் திறந்து, மணமகள் பெயரையும் மாப்பிள்ளை வீட்டாரையும் மாற்றி, 'நிகழும் மங்களகரமான' என்பதற்குப் பின்னால் 'விஜய வருடம்' என்று போட்டு, இடையில் காலமான தாத்தா பெயருக்கு முன்னால் 'அமரர்' சேர்த்துவிட்டால் தங்கை கல்யாணப் பத்திரிகை தயார். ஊரில் பாதிக் குடும்பங்களின் வம்ச வரலாறு அவருடைய பேஜ்மேக்கர் (பக்க வடிவமைப்பு மென்பொருள்) ஃபைல்களில் இருக்கிறது. அந்த ஃபைல்களைப் புது மெஷினில் திறந்தால், 'திருமணம்' இருக்க வேண்டிய இடத்தில் ஜே, பி, யூ, கே, இசட், கே, கடைசியில் ஒரு அரைப்புள்ளி. அது பாமினியில் அடித்தது, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் ஃபாண்ட். ஃபாண்டை காப்பி செய்து போட்டதும் திருமணம் திரும்பி வந்தது.

ஆனால் முக்கால்வாசி ஃபைல்கள் பாமினி இல்லை. பல வருடங்களுக்கு முன்னால் காசு கொடுத்து வாங்கிய தமிழ் மென்பொருள் ஒன்றின் சொந்த ஃபாண்டுகள். அந்த மென்பொருளுக்கு ஒரு லாக் உண்டு. கட்டைவிரல் நீளத்தில் யூஎஸ்பி துண்டு. அது சொருகியிருந்தால்தான் தமிழ் வரும். லாக்கை விண்டோஸுக்கு அறிமுகப்படுத்தும் டிரைவர் பழைய 32 பிட் விண்டோஸ் காலத்தது. புது மெஷினில் இருந்ததோ 64 பிட். நிறுவப் போனால், 'இந்த ஆப் உங்கள் கணினியில் ஓடாது' என்று திரையின் குறுக்கே ஒரு பட்டை மரியாதையாக வந்து நிற்கும்.

எந்த மெஷினிலும் ஒரே மாதிரி படிக்கப்படும் யூனிகோடு எழுத்து முறைக்கு மாறிவிடலாமே என்று ஆரம்பித்தேன். பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. அதன் கடைசிப் பதிப்பான 7 வந்ததே 2001-இல். ஆகவே மென்பொருளையும் மாற்ற வேண்டும், பழைய ஃபைல்களையும் மாற்ற வேண்டும், தட்டச்சு முறையையும் பழக வேண்டும். பெரியப்பா தட்டச்சு இயந்திரத்தில் கற்றவர். கொம்பை முதலில் போட்டு எழுத்தை அப்புறம் அடிக்கும் விரல்கள்.

"நீ எல்லாத்தையும் மாத்தி முடிக்கிறதுக்குள்ள இந்தப் பொண்ணுங்களுக்கு வளைகாப்புப் பத்திரிகை அடிக்க வேண்டி வரும். பேசாம எக்ஸ்பி போடச் சொல்லு."

பீரோவில் நிலப் பத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்து எக்ஸ்பியின் ஒரிஜினல் பெட்டி வெளியே வந்தது. சாவி எண் அட்டையைத் தனியாக ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தார்.

சர்வீஸ் பையன் வந்தான். "எல்லாரும் புதுசு போடச் சொல்லித்தான் சார் கூப்பிடுவாங்க" என்றபடி விண்டோஸுக்கு முன்னால் ஓடும் பயாஸுக்குள் போய், பழைய விண்டோஸை உள்ளே விடாத செக்யூர் பூட்டை அணைத்தான். சிடியைப் போட்டான். கொஞ்ச நேரம் ஓடிவிட்டு நீலத் திரை. அதில் பிழை எண், ஏழு சைபர்களுக்குப் பிறகு 7பி. 2001-இல் வந்த எக்ஸ்பிக்கு இந்தக் காலத்து ஹார்ட் டிஸ்க் பேசும் முறை புரியாது. புரிய வைக்க வேண்டுமானால் நிறுவும்போது எஃப்6 அழுத்தி, டிரைவரை ஃபிளாப்பியில் கொடுக்க வேண்டும். ஃபிளாப்பி என்ற சொல் காதில் விழுந்ததும் பெரியப்பா எழுந்து உள்ளே போனார். ஒரு டப்பா நிறைய ஃபிளாப்பியோடு திரும்பினார். "இதுக்குத்தான் நான் எதையும் தூக்கிப் போடறதில்லை." அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. அதைச் சொருக மெஷினில் இடம் இல்லை என்பதை நாங்கள் யாரும் உடனே சொல்லவில்லை. பையன் பயாஸில் ஹார்ட் டிஸ்க் பேசும் முறை ஏஹெச்சிஐ என்றிருந்ததை, எக்ஸ்பிக்குப் புரிகிற பழைய ஐடிஇ என்று மாற்றினான். நீலத் திரை போய்விட்டது.

அடுத்தது ஆக்டிவேஷன், எக்ஸ்பி அசல்தான் என்று மைக்ரோசாஃப்டிடம் பதிவு செய்வது. நெட் அப்போது வேலை செய்யாததால் போனில். திரையில் இருக்கும் ஐம்பதுக்கும் மேற்பட்ட இலக்கங்களைப் போன் பட்டனில் அழுத்த வேண்டும். அப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து பதிவுக் குரல் ஒன்று 42 இலக்கங்களைச் சொல்லும், அதை இங்கே அடிக்க வேண்டும். பெரியப்பாவுக்கு இது பிடித்துப் போயிற்று. ஆயுள் முழுக்கப் புரூஃப் பார்த்தவர் அல்லவா. அவர் வாசிக்க, நான் அழுத்த, ஒரு பிழை இல்லை. குரல் பதில் சொல்லும்போதுதான் "கொஞ்சம் மெதுவாச் சொல்லும்மா" என்று இடைமறித்தார். அந்த அம்மா நிறுத்தாமல் போய்க்கொண்டே இருந்தாள். "கேக்கறாளா பாரு" என்றார்.

எல்லாம் முடிந்து பழைய பச்சைப் புல்வெளி திரையில் வந்தது. லாக்கைச் சொருகியதும் தமிழும் வந்தது. பையன் கூலியை வாங்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பப் போனான். பெரியப்பாவுக்கு அந்த நேரம் பார்த்து மை கம்ப்யூட்டரை வலது கிளிக் செய்யத் தோன்றியது.

"தம்பி, ஒரு நிமிஷம். ராம் மூணே கால் ஜிபிதான் காட்டுது. எட்டு இருந்துச்சே?"

பையன் முகம் விழுந்துவிட்டது. அவன் கைப்பையைப் பெரியப்பா பார்த்த பார்வை எனக்கே சங்கடமாக இருந்தது. 32 பிட் எக்ஸ்பிக்கு மொத்தம் நாலு ஜிபி வரைக்கும்தான் முகவரி போடத் தெரியும், அதிலும் ஒரு பகுதியைக் கிராபிக்ஸும் மற்ற உறுப்புகளும் எடுத்துக்கொள்ளும் என்று நான் விளக்கினேன். அது எடுபடவில்லை. "பந்தியில் நாலு இலை போடத்தான் இடம் பெரியப்பா. எட்டு பேர் வந்தாலும் மீதிப் பேர் வெளியே நிற்க வேண்டியதுதான்" என்றேன்.

"சரி, வெளியே நிக்கிறவனை ஏன் என் வீட்டில் நிக்க வைக்கணும்?"

நியாயமான கேள்வி. கேபினெட்டைத் திறக்கச் சொல்லி, இரண்டு நாலு ஜிபி குச்சிகளில் ஒன்றைக் கழற்றி வாங்கிக்கொண்டார். மறுபடி ஆன் செய்தால் அதே மூணே கால். இதற்காக நாலு வருடம் படித்த எனக்கு அந்த யோசனை வரவில்லை. கழற்றிய குச்சி பீரோவுக்குப் போயிற்று, நிலப் பத்திரத்துக்குப் பக்கத்தில்.

அந்த வருடம் ஏப்ரல் 8-ஆம் தேதியோடு எக்ஸ்பிக்குப் பாதுகாப்பு அப்டேட் நிற்கப் போகிறது என்றும் எச்சரித்தேன். அவர் நெட் வயரைப் பிடுங்கி சுருட்டி ஆணியில் மாட்டினார். இதைவிட உறுதியான பாதுகாப்பை நானும் சொல்லியிருக்க முடியாது.

ஒரு வம்பு மட்டும் மிச்சம். மெஷினில் நீலநிற யூஎஸ்பி 3 துளைகள் எக்ஸ்பிக்குக் கண்ணுக்குத் தெரியவில்லை, டிரைவரே கிடையாது. பின்பக்கம் கறுப்புத் துளை நாலு. கீபோர்டு, மவுஸ், பிரிண்டர், லாக். பென் டிரைவ் போட வேண்டுமானால் யாராவது ஒருவர் எழுந்து இடம் கொடுக்க வேண்டும். எப்போதும் மவுஸ்தான் எழுந்தது.

நான் கிளம்பும் நாளில் பெண்ணின் அப்பா ஒருவர் பென் டிரைவோடு வந்தார். சொந்தக்காரர் பெயர்களை மகனே அழகாகத் தமிழில் அடித்துக் கொடுத்தானாம். பெரியப்பா மவுசைப் பிடுங்கினார், காப்பி செய்தார், மவுசை மாட்டினார். நோட்பேடில் திறந்தால் நல்ல தமிழ். பேஜ்மேக்கரில் ஒட்டினால், சித்தப்பா சித்தி மாமா மாமி எல்லோரும் கேள்விக்குறிகள்.

வெள்ளைத் தாள் ஒன்றையும் பேனாவையும் அவர் பக்கம் நகர்த்தினார். "பேரெல்லாம் கையால எழுதிக் கொடுத்துடுங்க சார்."

அவரும் சளைக்காமல் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். பெரியப்பா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முதல் வரியைப் பார்த்தார், தாளைச் சற்று தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"இது என்ன ஃபாண்ட் சார்?"