வில்லங்கம் பறந்த கதை

ஐந்தாம் மாடி அக்கா பெங்களூருக்கு மகள் வீட்டோடு போய் எட்டு மாதம் ஆகிறது. போகும்போது சாவியை என் கையில் வைத்து, "யாராவது பார்க்க வந்தால் திறந்து மட்டும் காட்டிவிடு கண்ணு" என்றார். திறந்து மட்டுமாம்! இந்த எட்டு மாதத்தில் நான் நடை திறந்து சாத்திய கணக்குக்கு, கோயில் குருக்களாக இருந்திருந்தால் தட்டில் நல்ல வசூல் பார்த்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை வெங்காயத்தை உரித்து அம்மியருகே வைத்தேனோ இல்லையோ, தரகர் கூப்பிட்டுவிடுவார். வெங்காய வாசம் அடிக்கும் கையோடு நான் சாவியை எடுக்க, எனக்கு முன்னால் அத்தை செருப்பைப் போட்டுக்கொண்டு லிஃப்ட் வாசலில் நிற்பார். மூட்டுவலி என்று கீழே பால் வாங்கப் போகாதவர். வீடு காட்டப் போகும் நாளில் மட்டும் அந்த மூட்டு எங்கே போகிறது என்று எந்த வைத்தியராலும் சொல்ல முடியாது.

தரகரின் கச்சேரி லிஃப்டிலேயே தொடங்கிவிடும். கோயம்புத்தூர் சாயிபாபா காலனியில் இந்த விலைக்கு இனிக் கிடைக்காது, என்.எஸ்.ஆர். ரோடு கூப்பிடு தூரம், மேல்மாடி என்பதால் தலைக்கு மேல் யாரும் நடக்கும் சத்தம் இல்லை. (தலைக்கு மேல் விடிகாலை ஐந்து மணிக்கு மிளகாய் காயப்போடப் போகிறவர் பக்கத்திலேயே பாவம்போல நின்றுகொண்டிருப்பார்.) கடைசியாக, குரலைத் தாழ்த்தி, "குழாயில் சிறுவாணி" என்பார். அந்த ஒரு சொல்லில் வருகிறவர்கள் முகம் மலர்ந்துவிடும். அணை இருப்பதென்னவோ கேரளத்தில். நாம் பேசுவது மட்டும் மாமன் வீட்டுக் கிணற்றைப் பற்றிப் பேசுவது போல.

பால்கனியில் மருதமலை தரிசனம் உண்டு. வானம் தெளிவாக இருந்தால் மலை தெரியும். மேகம் மூடிய நாளில் எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டியைக் காட்டி, "இதற்கு நேர் பின்னால்தான் முருகன் இருக்கிறார்" என்பார். வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தத் தொட்டியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

போன ஞாயிறு வந்தது திருப்பூர்க் குடும்பம். கணவன், மனைவி, கணவனின் அம்மா, அப்புறம் ஒரு மாமா. வாங்குகிறவர் கணவன்தான், ஆனால் வாயைத் திறந்தது மாமா மட்டுமே. சட்டைப் பையில் கண்ணாடி, கையில் டார்ச். பட்டப்பகலில் அலமாரிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். குழாயைத் திறந்து ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டுக் கண்ணை மூடி நின்றார். பிறகு, "பிரிபடாத பாகம் எவ்வளவு?" என்றார். கட்டடம் நிற்கும் மனையில் இந்த வீட்டுக்கு உள்ள பங்கைத்தான் கேட்டார்.

"410 சதுர அடிங்க" என்றார் தரகர்.

மாமா விரலை மடக்குவதற்குள் அத்தை கணக்குப் போட்டுவிட்டார். "ஒரு செண்ட் என்பது 435.6 சதுர அடி ஆயிற்றே! முழுசாக ஒரு செண்ட் கூட இல்லையா? எங்கள் தோட்டத்தில் மாட்டுக் கட்டுத்தறியே மூன்று செண்ட் இருக்கும்."

தரகர் என்னைப் பார்த்தார். நான் மருதமலையைப் பார்த்தேன். மேகம்.

கிரயத்தில் நூற்றுக்கு 7 ரூபாய் முத்திரைத்தீர்வை, 2 ரூபாய் பதிவுக் கட்டணம், ஆக 9 ரூபாய் தனியாக எடுத்து வைக்க வேண்டும் என்று மாமா சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டார். அடுத்து மொட்டை மாடியில் தண்ணீர் நிற்குமா என்று பார்க்க வேண்டும் என்றார். போனோம். போன இடத்தில், வெளிச்சம் நன்றாக இருக்கிறதே என்று, வீட்டின் மேல் அடமானம் ஏதும் பதிவாகி இருக்கிறதா என்று காட்டும் வில்லங்கச் சான்றிதழை வாங்கி விரித்தார்.

பாலக்காட்டுக் கணவாய் என்ற ஒன்று இருக்கிறதல்லவா? மேற்குத் தொடர்ச்சி மலை வடக்கேயும் தெற்கேயும் மதில் போல நிற்க, நடுவில் நமக்கென்று திறந்து வைத்த வாசல். தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசல் வழியாகத்தான் நுழைந்து, பல்லடம், உடுமலைப்பேட்டைப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றப் போகிறது. போகிற வழியில் எங்கள் மொட்டை மாடியிலும் சற்று வேலை வைத்திருந்தது. ஆறு தாளும் ஒரே மூச்சில் கிளம்பிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டின.

ஒரு கணம் யாரும் பேசவில்லை. தரகர்தான் முதலில் சுதாரித்தார். "பார்த்தீர்களா, வில்லங்கம் தானாகவே வீட்டை விட்டுப் போய்விட்டது! இதைவிட நல்ல சகுனம் வேண்டுமா?"

"போன வில்லங்கத்தை நாம் ஓடிப் போய்ப் பொறுக்கிக்கொண்டு வரப் போகிறோமே, அதற்கு என்ன சகுனம்?" என்றார் மாமா.

பதில் இல்லை. இறங்கி ஓடினோம். லிஃப்ட் அந்த நேரம் பார்த்து மூன்றாம் மாடியில் யாருடைய கட்டிலையோ ஏற்றிக்கொண்டிருந்தது.

முதல் தாள் பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில். அந்த வீட்டில் மூன்று வருடமாக எங்களோடு பேச்சு இல்லை, தண்ணீர் லாரி விவகாரம்தான். "அண்ணா, எங்கள் வில்லங்கம் உங்கள் மரத்தில் இருக்கிறது" என்று நான் போய்க் கேட்டதில், அவர் எந்த அர்த்தத்தில் எடுத்துக்கொண்டார் என்று இன்னும் தெரியவில்லை. துரட்டியை மட்டும் நீட்டினார். இரண்டும் மூன்றும் பேக்கரியின் தகரக் கூரையில். நான்காவது நிறுத்தியிருந்த ஸ்கூட்டருக்கு அடியில். ஐந்தாவது சாக்கடையில் விழுந்திருந்தது, மாமா அதை டார்ச் அடித்துப் படித்துவிட்டு, "இதில் ஒன்றும் முக்கியமில்லை" என்று விட்டுவிட்டார். ஆறாவதைக் காணோம்.

ஒரு மணி நேரம் தேடிய பிறகு, பேக்கரி வாசலில் தேங்காய் பன் தின்றுகொண்டிருந்த என் மகன் சொல்கிறான், "பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தைக் காசில்லாமலே பார்க்கலாமே அம்மா." இதை எப்போது நினைத்தாய் என்றால், "நீங்கள் முருங்கை மரத்தடியில் நிற்கும்போதே" என்கிறான். வளர்த்த விதத்தில்தான் கோளாறு.

இதற்கிடையில், ஓட முடியாத அத்தையும் திருப்பூர் அம்மாவும் பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். முதல் டீயில் "உங்களுக்குப் பிறந்த ஊர் எதுங்க?" வந்தது. அந்த அம்மா குன்னத்தூர்ப் பக்கம். அத்தை கோபிப் பக்கம். அப்புச்சி வீடு, கிணற்றுத் தோட்டம், யாரோ ஒருவர் கல்யாணத்தில் மாட்டுவண்டி சாய்ந்தது என்று கயிறு திரித்துக்கொண்டே போய், இரண்டாவது டீ ஆறுவதற்குள் முறை கண்டுபிடித்துவிட்டார்கள். அக்கா தங்கை முறை.

அதோடு போச்சு. நான் நான்கு தாளோடு மூச்சு வாங்க வந்து நிற்கிறேன், அத்தை அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறார்: "அந்நியம் என்றால் வாயைத் திறக்க மாட்டேன் அம்மிணி. தங்கை என்று ஆன பிறகு மறைக்கலாமா? சமையற்கட்டுச் சுவர் ஐப்பசி மழைக்கு ஊறும். சித்திரையில் அந்தப் படுக்கையறையில் அப்பளம் பொரிக்கலாம்."

மாமா கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார். தரகர் பன்னுக்கும் டீக்கும் காசு கொடுத்துவிட்டு, என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே வண்டியைக் கிளப்பினார். அத்தைக்கு ஆவணியில் திருப்பூரில் ஒரு காதுகுத்துக்கு அழைப்பு கிடைத்தது. எனக்குச் சாவி.

சாயங்காலம் பெங்களூர் அக்கா கூப்பிட்டார். "வந்தார்களா கண்ணு? என்ன சொன்னார்கள்?"

"காற்று அதிகம் என்றார்கள் அக்கா."

"மேல்மாடி என்றால் காற்று வரத்தானே செய்யும்? அதுதானே வசதி?" என்றார். ஆமாம் என்றேன்.

மறுநாள் காலை இஸ்திரி வண்டிக்காரர் துணிக்கட்டோடு வந்தார். என் வீட்டுக்காரருடைய சட்டைகளுக்கு நடுவில், நான்காக மடித்து, மடிப்புக் கலையாமல் அந்த ஆறாவது தாள். தெருவில் கசங்கிக் கிடந்ததாம். எங்கள் கட்டடத்தின் பெயரைப் பார்த்ததும் எடுத்து வைத்தாராம். கரிப்பெட்டியின் சூடு இன்னும் அதில் இருந்தது. ஒரு சுருக்கம் இல்லை.

துணிக்கணக்கில் அதையும் ஒரு உருப்படியாகச் சேர்த்து, பத்து ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்.