அடுத்த ஆடிக்கு எழுதி வைத்தது

மாடித்தோட்டத்துக்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். வருடாவருடம் ஆடிப்பட்டம் முடியும்போது, அடுத்த ஆடியில் விதை போடப்போகும் எனக்கு நானே ஒரு பக்கம் எழுதி வைப்பது பழக்கம். இந்தமுறை சுரைக்காய் பறித்த கையோடு பழைய பக்கங்களைப் புரட்டினேன்.

முதல் வருடப் பக்கம்: "பொறுமையாக இரு. செடி பேசும், காது கொடு." படிக்கவே கூச்சமாக இருந்தது. அந்த வருடம் செடி என்னவோ பேசத்தான் செய்தது, எனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. சுரைப்பிஞ்சுகள் விரல் நீளம் வந்ததும் மஞ்சளாகி, நுனி அழுகி விழுந்துகொண்டே இருந்தன. உரம் போதவில்லை என்று மண்புழு உரத்தை அள்ளிப் போட்டேன். அப்புறம் பஞ்சகவ்யா. கொடி பந்தலைத் தாண்டித் தண்ணீர்த் தொட்டி மேலே ஏறியது. காய் மட்டும் இல்லை. விதை சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டியதும் நோட்டில் இருக்கிறது. அந்த வருடத்து என்னைப் பிடித்து நிறுத்தி ஒன்றே ஒன்று சொல்லலாமென்றால், "உரத்தைக் கீழே வை, ஊருக்குப் போன் போடு" என்பேன்.

இரண்டாம் வருடம்தான் போட்டேன். அத்தை சிரித்துவிட்டார். "விடிஞ்சு போய்ப் பார்த்தா சுரைப்பூ உனக்காகக் காத்துக்கிட்டு இருக்குமாடா? விளக்கு வைக்கிற நேரத்துக்கு மேலே போ."

சுரைப்பூ அந்தியில்தான் விரியும், மறுநாள் வெயில் ஏறினால் வாடிவிடும். ராத்திரி வரும் அந்துப்பூச்சிதான் மகரந்தம் சேர்க்க வேண்டும். என் மூன்றாம் மாடிக்கு அது வருவதாகத் தெரியவில்லை; மகரந்தம் சேராததால்தான் பிஞ்சுகள் விழுந்திருக்கின்றன. சரி, அந்த வேலையையும் நாமே பார்ப்போம் என்று இறங்கினேன்.

இந்த வருடக் கணக்கு இது. 40 நாளில் ஆண் பூ வந்தது. காம்பு நீளம், அடியில் பிஞ்சு கிடையாது. அதற்குப் பிறகு ஒரு வாரம் கழித்துத்தான் பெண் பூ. அதன் அடியில் பூனைமயிர் போர்த்திய கட்டைவிரல் அளவுக் குட்டிச் சுரைக்காய் ஒட்டியிருக்கும். சாயங்காலம் ஆறரை மணிக்கு ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிழித்துவிட்டு, மகரந்தத் தூள் உள்ள நடுக்கட்டையைப் பெண் பூவின் நடுவில் மெதுவாக ஒற்றினேன். 7 பூவில் 4 பிடித்தது. மூன்றாம் நாளே பிஞ்சு பருத்துத் தலை கவிழ்ந்துவிட்டது. முதல் காய் கூட்டானது. வீட்டில் யாருக்கும் சுரைக்காய் அவ்வளவாகப் பிடிக்காது என்பது வேறு விஷயம்.

இரண்டாம் வருடப் பக்கத்தில் இருந்த ஒரு வரிதான் இன்றைக்கும் உதவுகிறது: "மழைக்கு முன்னால் செடிப் பைகளுக்கு அடியில் செங்கல் வை. ஓட்டை அடைத்து வேர் அழுகியது." நேற்று அதைப் பார்த்துத்தான் செங்கல் தூக்கினேன். பொறுமையாக இரு என்ற வரியை நம்பியிருந்தால் இந்த வருடமும் பைக்குள் தண்ணீர் நின்றிருக்கும்.

அதனால் இந்த வருடப் பக்கத்தில் இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்: "தாய்க்கொடி பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளு, பக்கக்கிளையில்தான் பெண் பூ அதிகம். ஒரு கொடி போதும். மொட்டு பெருத்த நாளில் ஆறு மணிக்கே மாடிக்குப் போ. டார்ச் எடுத்துக்கொள், படிக்கட்டு பல்பு போய்விட்டது. மாற்றியிருந்தால் இந்த வரியை அடித்துவிடு."