தையல் வலி என்று தள்ளிவிடாதீர்கள்

பிரசவம் முடிந்து தையலும் போட்டபின், "வெளிக்கு வர்ற மாதிரியே முட்டுது சிஸ்டர், ஒருக்களிச்சுக்கூட படுக்க முடியல" என்று ஒரு பெண் சொன்னால், மாத்திரையை நீட்டுவதற்கு முன் துணியை விலக்கித் தையல் போட்ட இடத்தைப் பாருங்கள். பிறப்புறுப்புப் பகுதிக்கு ரத்தம் தரும் பியூடெண்டல் தமனியின் கிளை ஏதாவது உள்ளே கசிந்து, ரத்தக்கட்டு (ஹீமடோமா) சேர்ந்துகொண்டிருக்கலாம்.

இந்தத் தமனியின் பாதை விசித்திரமானது. உட்புற இலியாக் தமனியின் முன்பிரிவில் கிளம்பி, பைரிஃபார்மிஸ் தசைக்குக் கீழாக இடுப்புக்கூட்டை விட்டே வெளியேறுகிறது. இஸ்கியல் ஸ்பைன் என்ற எலும்பு முனையைச் சுற்றிவந்து, சிறிய சயாட்டிக் துவாரம் வழியாக மறுபடி நுழைகிறது. முன்வாசலில் போய்ப் பின்வாசலில் வருகிற மாதிரி. நுழைந்த இடம், இடுப்புக்கூட்டின் தளமான லெவேட்டர் தசைக்குக் கீழே. அங்கிருந்து ஆல்காக் கால்வாய் என்ற உறைப்பாதையில் பியூடெண்டல் நரம்போடு ஓடி, ஆசனவாய்க்கும் பெரினியத்துக்கும் (யோனிக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதி) லேபியாவுக்கும் (யோனி இதழ்) கிளை கொடுக்கிறது.

லெவேட்டருக்குக் கீழே கிளை அறுந்தால் ஒரு பக்க லேபியா நீலம் பாரித்து வீங்கும். ஆசனவாய்க்குப் பக்கவாட்டுக் குழியில் இருப்பது வெறும் கொழுப்பு. ரத்தத்தைத் தடுக்க அங்கே எதுவும் இல்லை. லெவேட்டருக்கு மேலே, யோனித் தமனியிலோ கருப்பைத் தமனியின் கிளையிலோ கசிந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. நாடி ஏறும், பிறகு பிரஷர் இறங்கும். எனக்கு அதுதான் பயம். விரல் விட்டுப் பார்த்தால் மட்டுமே புடைப்பு தட்டுப்படும்.

பெரும்பாலும் தவறு முதல் தையலில். அறுந்த ரத்தக்குழாய் உள்ளே சுருங்கிக்கொள்வதால், பிரசவ வெட்டின் உச்சிக்கு 1 செ.மீ. மேலேயே முதல் தையல் விழ வேண்டும்.

பியூடெண்டல் பிளாக் (அந்த நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசி) போடுகையில் தமனி நரம்பை ஒட்டியே இருப்பதால், மருந்தைச் செலுத்துமுன் ரத்தம் வருகிறதா என்று சிரிஞ்சை இழுத்துப் பாருங்கள். பக்கத்துக்கு 10 மி.லி. வீதம் 1% லிக்னோகெய்ன் (மரத்துப்போகும் மருந்து) என்றால் மொத்தம் 200 மி.கி.; 45 கிலோ பெண்ணுக்கு அதுவே உச்ச அளவு. அதற்குமேல் தையலுக்கென்று தனியாகப் போட இடமில்லை.

ரத்தக்கட்டு சின்னதாக, வளராமல் இருந்தால் ஐஸ் வைத்துக் கவனிக்கலாம். வளர்கிறதா என்று அறிய வீக்கத்தின் ஓரத்தைப் பேனாவால் குறித்துவையுங்கள். வளர்ந்தால் திறந்து உறைந்த ரத்தத்தை எடுக்க வேண்டும். ரத்தம் வரும் ஒற்றைக் குழாய் பெரும்பாலும் கிடைக்காது, எட்டு வடிவத் தையலும் யோனிக்குள் துணி அடைக்கும் பேக்கும்தான். பேக் சிறுநீர் வெளியேறும் குழாயை அழுத்தும், சிறுநீரை வடிக்கும் கத்தீட்டர் கட்டாயம்.

ராமேஸ்வரம், தங்கச்சிமடம் பக்கம் இருப்பவர்கள் பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரிக்கு ஏறத்தாழ 50 கி.மீ. போக வேண்டும். பிரஷர் இறங்கட்டும் என்று காத்திராமல் இரண்டு பெரிய வென்ஃபிளான் (நரம்பில் போடும் டிரிப் ஊசிக்குழாய்) போட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். ரெஃபரல் சீட்டில் எந்தப் பக்கம், எத்தனை செ.மீ., எத்தனை மணிக்குக் குறித்தது, லிக்னோகெய்ன் எவ்வளவு போட்டது என்று எழுதுங்கள்.